ஏலக்காய் ஸ்டோருக்குள் ஒரு வெல்டிங் வேலை

1

இந்த ஊரில் எனக்கு வெல்டிங் தெரியும் என்பதை அவ்வப்போது மறுபடி நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு தகடுகளைக் கொடுப்பார்கள். ஒட்டித் தர வேண்டும். அதைப் பட்டைப் பட்டையாக அறுத்து, ஒட்டிய இடம் மேலே வரும்படி எந்திரத்தில் வைத்து வளைப்பார்கள். விரிசல் விடாவிட்டால் எனக்கு வெல்டிங் தெரியும். விட்டால், இத்தனை காலம் நான் ஒட்டி அனுப்பிய தொட்டிகளில் பால் ஒரு சொட்டும் ஒழுகாமல் நின்றாலும், எனக்குத் தெரியாது.

நியூசிலாந்தின் தென் தீவில், மனிதர்களைவிட மாடுகள் அதிகம் இருக்கும் ஒரு சிற்றூர். பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் தொட்டி செய்யும் பட்டறையில் வேலை. ராசிங்காபுரத்தில் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மலை எஸ்டேட்டில் கவாத்து வெட்டி, போடியில் ஜீப் பட்டறையில் வெல்டிங் பழகி, மும்பை, மஸ்கட் என்று கால் போன பக்கமெல்லாம் போய், கடைசியில் இங்கே குளிரில் வந்து நின்றுவிட்டேன். ஏன் இங்கே நின்றேன் என்று கேட்டால் பெரிதாகக் காரணம் இல்லை. மகள் கயலைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அதற்குப் பிறகு நகர முடியவில்லை.

இந்தத் தடவை சான்றிதழைப் புதுப்பிக்கும்போது கூடவே இன்னொன்றையும் தலையில் கட்டினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் நின்று வெல்டிங் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டுமாம், ஆங்கிலத்தில். கயல்தான் எழுதிக் கொடுத்தாள். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் எழுதியதை நான் தமிழ் எழுத்தில் மாற்றி எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. எனக்கு ஆங்கிலம் எழுத வராது. ஒரே விஷயத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு தாளில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்த்தோம்.

பேச வேண்டிய அந்த நாளில்தான் போடி மலையில் பாண்டியின் விஷயம் நடந்தது.

2

பாண்டி என் மனைவி செல்வியின் தம்பி. நாற்பதை நெருங்குகிறான். போடியிலிருந்து மலைக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். இடுப்பு கேட்கவில்லை, விட்டுவிட்டான். பிறகு ஒரு வெல்டிங் மெஷின் வாங்கி, தேவாரம் சாலையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே வைத்து, கேட், கிரில் செய்து தரப்படும் என்று போர்டு மாட்டினான். பாதி வேலையைப் பக்கத்துப் பட்டறையில் கற்றுக்கொண்டான், பாதியைச் செல்போன் பார்த்து. சந்தேகத்துக்கு மட்டும் நான்.

அவன் அனுப்பிய முதல் படம் மெஷினுக்குப் போட்ட பூசை. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். முகத்துக்குப் பிடிக்கிற கவசத்தின் கறுப்புக் கண்ணாடியிலும் விபூதியால் பட்டை போட்டிருந்தான்.

"மாப்ளே, அதுவழியா எப்படிடா பாப்பே?"

"தொடச்சிட்டுத்தான் மாமா வேல. சாமிக்குக் காட்டாம ஆரம்பிக்கக் கூடாதுல்ல?"

"சாமி தெரியணும், தகடும் தெரியணும். கண்ணாடியில கீறல் விழுந்தா ஒளி உள்ள வந்துரும். தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டு."

சொன்னது ஏறவில்லை. கொஞ்ச நாளில் அது கண்ணில் வந்து நின்றது. கவசத்தைப் பிடித்தால் ஒரு கை வீணாகிறது என்று வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாசை மாட்டிக்கொண்டு ஒரு கேட் முழுவதையும் முடித்திருக்கிறான். சாயங்காலத்துக்கு மேல் கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி. அவன் மனைவி ராசாத்தி, தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் போய் நின்றிருக்கிறாள்.

"அந்தப் புள்ள முன்னாடி நிக்கவே கூச்சமா இருந்துச்சு அண்ணே," என்றாள் என்னிடம். "அது சிரிச்சுக்கிட்டே, எம்புள்ளைக்கே பத்தலக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கு எங்க ஊத்தன்னு சொல்லிருச்சு."

நல்லதாயிற்று. கண்ணில் எதையும் ஊற்ற வேண்டாம், குளிர்ந்த துணியை மேலே போட்டு இருட்டில் படுக்கட்டும், விடிந்ததும் கண் டாக்டரிடம் போகட்டும் என்றேன். அதன் பிறகு கவசத்தைத் தலையில் மாட்டுகிற மாதிரி ஒன்றை வாங்கினான்.

தொழில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல முடியாது. சொன்னாலும் நிற்காது. அடி பட்ட இடத்தில் சொன்னால் நிற்கும். பாண்டிக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். உருகி ஒட்டுகிற வெல்டிங் குச்சியின் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே அந்தக் குச்சியின் பருமன் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் பொரிந்து தெறிக்கும், குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். கண்ணால் பார்க்கிற அளவுக்குக் காதாலும் கேட்க வேண்டும். சட்டியில் வடகம் பொரிகிற மாதிரி சத்தம் ஒரே சீராக வந்தால் கை சரியாகப் போகிறது. மேலே படிகிற கசடைத் தட்டும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், அது சூடாகத் தெறிக்கும். நைலான் சட்டை வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும். பருத்தியே போடு. செருப்புக் காலோடு நிற்காதே. குச்சி மாட்டும் ஹோல்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேபிளை இழுக்காதே, வேர்வையில் கரண்ட் ஏறும். எர்த்துக் கம்பியை வேலை நடக்கிற இரும்பிலேயே மாட்டு, தூரத்துத் தூணில் மாட்டாதே.

பாண்டியின் கை நல்ல கை. சீக்கிரமே அவன் போட்ட வரி மீன் செதில் மாதிரி சீராக வந்தது. படம் எடுத்து அனுப்பினான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் கலக்கமும். கை வந்ததும் பயம் விட்டுப்போகும். இந்தத் தொழிலில் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

3

ஒன்றை மட்டும் அவனுக்கு அடிபடுவதற்கு முன்பே சொல்லியிருந்தேன். ஜி.ஐ. தகடு. துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள். நெருப்புப் பட்டால் அது வெள்ளைப் புகையாக எழும். மூச்சில் போனால் வாயில் இனிப்பாக ஒரு ருசி. அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து உடம்பு தூக்கிப் போடும். போடி ஜீப் பட்டறையில் மேலே லோடு ஏற்றும் கம்பித் தட்டுகளை அதே பூச்சுள்ள குழாயில்தான் செய்வோம். சாயங்காலம் பட்டறையில் பாதிப் பேர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு இருப்போம். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். குடிப்போம். காலையில் எழுந்து வருவோம். அது பாலால் போனதா, தானாகப் போனதா என்று யாரும் கேட்டதில்லை.

இங்கே அதற்கு முகமூடி இருக்கிறது. முகமூடி போடுவதற்கு முன் நிரப்ப ஒரு படிவமும் இருக்கிறது. வந்த புதிதில் அதை நானே நிரப்பினேன். எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்றால் நல்ல ஆள் என்று நினைப்பார்கள் என்று எல்லாவற்றிலும் ஆமாம் போட்டேன். மூச்சு இரைப்பு உண்டு, மயக்கம் உண்டு, நெஞ்சுவலி உண்டு. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழாயில் ஊதச் சொன்னார்கள், கம்பி ஒட்டிப் படம் எடுத்தார்கள். என்னோடு வந்த போர்மேன் பாவம், நான் சாகப்போகிறேன் என்று நினைத்து, வாசலில் காபி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு வருடம் சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்த்தேன். இங்கிருந்து மலைக்குப் போகப்போவதில்லை, விரதமாவது இருப்போம் என்று. தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது, சந்துவழியாகப் புகை உள்ளே வரும், எடுத்துவிடு என்றார்கள். செல்வி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கண்ணாடி முன்னால் நின்று எடுத்தேன். அவர்கள் சொன்னது சரிதான். சரியாக இருப்பதால் வலிக்காமல் இருந்துவிடுமா?

4

ஏலக்காயைக் காய வைக்கும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். பச்சையாகப் பறித்து வந்த காயைக் கழுவி, உள்ளே கம்பி வலைத் தட்டுகளில் பரப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். அதன் சூடும் புகையும் தட்டுகளுக்கு அடியில் ஓடும் தகரக் குழாய்களின் வழியாகப் போய்ப் புகைக்கூண்டில் வெளியேறும். குழாய் சூடாகி அறை சூடாகும். காயின் ஈரம் போக மேலே சிறு துவாரங்கள் உண்டு, அதையும் நேரம் பார்த்துத்தான் திறப்பார்கள். கதவை மட்டும் காய் முடியும்வரை திறக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் வெளியே மேகம் தரையோடு நிற்கும். அந்த ஈரக்காற்று உள்ளே போனால் காயின் பச்சை போய்விடும். பச்சை போன காயை ஏலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். சாத்திய ஸ்டோர்க் கதவுக்குப் பக்கத்தில் குரலைக்கூடத் தாழ்த்திப் பேசுவார்கள்.

நான் பேச வேண்டிய அன்று மதியம் பட்டறையின் சாப்பாட்டு அறையில் இருக்கும்போது பாண்டியின் போன். அங்கே காலை. ஜீப்பில் போய்க்கொண்டிருந்தான். போடிமெட்டு வளைவுகளில் குரல் வந்து வந்து போனது.

"மாமா, மேல ஒரு ஸ்டோர்ல குழாய் ஓட்டையாப் போச்சாம். பொகை உள்ள கசியுதுன்னு அடுப்ப அணச்சிட்டுக் காத்திருக்காக. ராசாத்தி வேல பாக்குற எஸ்டேட்டுதான். அவதான் சொல்லிவிட்டா. வெரசா ஒட்டிக் குடுத்துட்டு வந்துர்றேன்."

"என்ன தகடு கொண்டு போறே?"

"ஜி.ஐ. தான். வேற என்னத்த வக்கிறது?"

"கதவத் தொறந்து வச்சுக்கிட்டுச் செய்யி."

"காய் பாதி வேக்காட்டுல கெடக்கு மாமா. எப்படித் தொறப்பாக? நான் உள்ள போனதும் சாத்திருவாக. தட்டுக்கு அடியில படுத்துக்கிட்டுத்தான் அடிக்கணும்."

"அப்ப குழாயக் கழட்டி வெளிய கொண்டா."

"வெளிய மழை ஊத்துது. மழையில கரண்ட் வச்சு வேல பாக்காதன்னு நீங்கதான சொன்னீக?"

தார்ப்பாய் கட்டச் சொல்லலாம். கழுவுகிற கொட்டகைக்குக் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் குழாயைக் கழற்ற மேலே இருக்கிற தட்டை இறக்க வேண்டும், காயைக் கலைக்க வேண்டும்.

"இதுக்கெல்லாம் ஒத்துக்கலன்னா, முடியாதுன்னு சொல்லிட்டுத் திரும்பி வா மாப்ளே. பூச்ச எரிஞ்சா வெள்ளப் பொகை. அடுப்புல கங்கு மிச்சமிருந்தா ஓட்டை வழியா விஷக் காத்தும் வரும். அதுக்கு வாசன இருக்காது. தூக்கம் மாதிரி வந்து ஆளச் சாச்சிரும்."

அவன் சிரித்தான். "ஒங்க ஊர் மாதிரி நெனச்சுக்கிட்டீகளா மாமா? அடிவாரத்துல இருந்து வண்டி வச்சுக் கூப்புட்டு வந்திருக்காக. இப்பப் போயி..."

அதோடு சத்தம் நின்றது. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. மலைக்குள் போய்விட்டான்.

பட்டறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பூட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு முன் செல்வியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

"ராசாத்திக்குப் போடு. கழுவுற கொட்டகையிலதான் இருக்கும். பாண்டி உள்ள போனா கதவத் தொறக்கச் சொல்லு. யார் என்ன சொன்னாலும் தொறக்கச் சொல்லு."

செல்வியும் சின்னப் பிள்ளையிலேயே அந்த மலையில் காய் பறித்தவள்தான்.

"அவ வேல போயிரும்ங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றீகளா?"

"ஆமா."

"சரி, போடுறேன்," என்று வைத்துவிட்டாள்.

5

மூன்று மணிக்குப் பேச்சு. எதிரே புதிதாகச் சேர்ந்த ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண்ணும் உண்டு, பண்ணையில் வேலை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். நான் தாளைப் பார்த்துப் படித்தேன். கையுறை காய்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் எரியக்கூடிய பொருள் இருக்கக் கூடாது. எண்ணெயோ டீசலோ இருந்த பீப்பாயை, காலியாகத்தானே இருக்கிறது என்று நெருப்புக் காட்டக் கூடாது, உள்ளே ஆவி நிற்கும். பூச்சு உள்ள தகடானால் ஒட்டப்போகும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அடைத்த இடத்தில் தனியாக இறங்கக் கூடாது. வெளியே ஒரு ஆள் உன்னையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

இந்த வரியில் எனக்கு வாய் நின்றுவிட்டது. நான் ஆங்கிலத்துக்குத் திணறுகிறேன் என்று நினைத்து போர்மேன் அந்த வரியை எனக்காகப் படித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பாண்டி இந்நேரம் தட்டுக்கு அடியில் படுத்திருப்பான்.

கடைசி வரி கயல் தானாகவே சேர்த்தது. வேலை ஆபத்து என்று தோன்றினால் செய்ய மறுக்கலாம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதைப் படித்து முடித்தேன். கைதட்டினார்கள். ஒருவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பூட்டைத் திறந்து போனை எடுத்தபோது செல்வியிடமிருந்து நிறைய அழைப்புகள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

6

நடந்ததை ராசாத்தியே பிறகு சொன்னாள்.

"மதினி போன் வந்ததும் ஓடுனேண்ணே. கதவு சாத்தியிருக்கு. உள்ள வெல்டிங் சத்தம் கேக்கல. ஏங்க, ஏங்கன்னு தட்டுறேன், பேச்சே இல்ல. ஸ்டோர் பாக்குற சேட்டன் ஓடியாந்து, சேச்சி தொறக்கல்லே, தொறக்கல்லேன்னு மலையாளத்துல கத்தி, தொறக்க விடாமக் கையப் புடிக்கிறாரு. விட்டுத்தொலைய்யான்னு தாழ்ப்பாளத் தட்டி ரெண்டு கதவையும் தள்ளிட்டேன். மேகம் அப்படியே உள்ள போச்சு. எனக்கே நெஞ்சு அடச்சிருச்சுண்ணே, அம்புட்டுக் காய்!"

"அவன்?"

"தட்டுக்கு அடியில காலு மட்டும் தெரியுது. ஒரு காலப் புடிச்சு இழுத்தேன். வரல. அந்தச் சேட்டந்தான் பாத்துட்டு, ஐயோன்னு இன்னொரு காலப் புடிச்சாரு. ரெண்டு பேருமா இழுத்துப் போட்டோம். மழ மூஞ்சியில விழுந்ததும் கண்ண முழிச்சு, எர்த்தக் கழட்டுன்னு சொல்றாரு. எனக்கு வந்த ஆத்தரத்துக்கு ரெண்டு சாத்தலாம்னு இருந்துச்சு."

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் மூக்கில் காற்று வைத்தார்கள். அன்று சாயங்காலமே குளிர்காய்ச்சல் வந்து கட்டில் ஆடியது. மழையில் கிடந்ததால் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பாலும் கொடுத்தார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து எனக்குப் போன் போட்டான்.

"மாமா, வாயெல்லாம் இனிப்பா இருந்துச்சு. நீங்க சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. சரி, இன்னும் ஒரு குச்சிதான, முடிச்சிருவோம்னு நெனச்சேன்."

எனக்கு அவனைத் திட்டத் தெம்பில்லை. இன்னும் ஒரு குச்சிதானே என்று நானும் எத்தனையோ இடத்தில் நினைத்திருக்கிறேன்.

7

அடுத்த நாள் விடியலில் ராசாத்தி வழக்கமாக நிற்கும் முக்கில் நின்றிருக்கிறாள். ஜீப் வந்தது. நிற்கவில்லை. பாண்டியோடு சேர்ந்து ஓட்டிய ஆள்தான் டிரைவர். கொஞ்சம் தள்ளிப்போய் நிறுத்தி, இறங்கி நடந்து வந்து, "ஒன்ன ஏத்த வேண்டாம்னுட்டாக ஆத்தா, நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றைக்கு ஸ்டோரில் இருந்த காய் முழுவதும் வெளுத்துவிட்டது. இப்போது ராசாத்தி குரங்கணிக்கு மேலே வேறொரு தோட்டத்துக்குப் போகிறாள். இருட்டோடு கிளம்ப வேண்டும். ஜீப் விட்டு இறங்கிய பிறகும் நடை இருக்கிறது.

கயலிடம் சொன்னேன். அவளுக்குத் தமிழில் கேட்கத்தான் முடியும், பேச்சு பாதியில் ஆங்கிலத்துக்கு ஓடிவிடும். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பாண்டி மாமா முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே அப்பா?"

"சொல்லியிருக்கலாம்."

"அத்தை ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்காங்க. எப்படி வேலையை விட்டு எடுக்க முடியும்? கம்ப்ளைண்ட் பண்ணலாமே?"

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. அவள் எழுதிய கடைசி வரி அவளுக்கு உண்மை. அவள் வளர்ந்த ஊரில் அது உண்மைதான். அந்த ஊரில்தான் நானும் இருக்கிறேன், அந்த வரியைப் படித்துக் கைதட்டு வாங்கியவன். ராசாத்தியைக் கதவைத் திறக்கச் சொன்னவனும் நான்தான். என் வேலை அப்படியே இருக்கிறது. செல்வி இதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் ராசாத்தியோடு பேசும்போது இப்போதெல்லாம் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

சான்றிதழ் வந்துவிட்டது. வளைத்த பட்டையில் விரிசல் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டி கூப்பிட்டான். உடம்பு தேறிவிட்டது. குரலில் கொஞ்சம் பெருமை.

"மாமா, இன்னொரு ஸ்டோர்ல கூப்புட்டாக. குழாயக் கழட்டி வெளிய கொட்டகையில போடுங்க, பூச்சத் தேச்சுட்டு அடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டேன். உள்ள வர மாட்டேன்னுட்டேன்."

"நல்லது மாப்ளே. என்ன சொன்னாக?"

"சரி, நாங்க பாத்துக்கிறோம்னு வச்சிட்டாக. வேற ஆளப் புடிச்சிட்டாகளாம். உத்தமபாளையத்துப் பக்கம், புதுசா மெஷின் வாங்குன ஆளாம்."

"ஒனக்குத் தெரிஞ்சவனா?"

"இல்ல மாமா."

"நம்பர் கெடைக்குமா?"

"நேத்தே மேல போயிட்டான் மாமா."

வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் இதைத்தான் கேட்டேன்.

"அவன் பொண்டாட்டி அந்த எஸ்டேட்டுல வேல பாக்குதா?"

"அது தெரியல மாமா," என்றான் பாண்டி.